மல்லிகைக்கு ஏன் கத்தரி?

கடலூர், சிதம்பரம் பக்கத்து மாணவர்களே, ஐப்பசி மழையில் வீட்டு மல்லிகையின் இலைகள் மஞ்சளாகி உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் மிகுந்தும் வாட்டமா? ஆம். மண் துகள்களின் இடுக்கில் இருந்த காற்றைத் தேங்கிய நீர் வெளியேற்றிவிடுகிறது. வேர்கள் சுவாசிக்கத் திணறுகின்றன. மண்வெட்டியால் சிறு வாய்க்கால் கீறி நீரை வடியவிடுங்கள்.

நவம்பர் கடைசியில், மழை ஓய்ந்த ஒரு நாளில், செடியைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட வேண்டும். “பூக்கிற செடியை வெட்டலாமா?” என்று பாட்டி தடுப்பார். மல்லிகை அரும்பு விடுவது புதுத் தளிர்களில்தான். கிளையின் நுனியில் உண்டாகும் ஆக்சின் என்னும் ஹார்மோன், கீழே இலைக்கோணங்களில் உள்ள மொட்டுகளை வளரவிடாமல் அடக்கி வைக்கிறது. நுனி போனதும் அவை விழித்துக்கொண்டு பல கிளைகளாகின்றன. தொழு உரமும் இடுங்கள்.

பங்குனி வாக்கில் அரும்பு கட்டும். அதுவரை பாட்டியைச் சமாதானப்படுத்துவது உங்கள் பொறுப்பு!