டேங்கில் ஊற்றும் பாட்டில் எதைச் சுத்தம் செய்யும்?

பைக்கை சர்வீஸுக்கு விட்டால், “இன்ஜெக்டர் கிளீனர் ஒரு பாட்டில் ஊத்திடலாமா சார், பிக்கப் நல்லா இருக்கும்” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. சரி என்று தலையாட்டும் முன், அந்தத் திரவம் எஞ்சினுக்குள் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும், இந்தியாவின் புதிய பைக்குகள் ஏறக்குறைய எல்லாமே கார்புரேட்டரைக் கைவிட்டன. இப்போது டேங்குக்குள் இருக்கும் பம்ப், பெட்ரோலைச் சுமார் 3 பார் அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குத் தள்ளுகிறது. முனையிலுள்ள நுண்துளைகள் வழியே அது புகை போலப் பரவி, காற்றோடு கலக்கிறது. வண்டியை நிறுத்திய பிறகும் எஞ்சின் சூடு தணிய நேரமாகும். அந்தச் சூட்டில், முனையில் தங்கிய பெட்ரோல் காய்ந்து பிசினாகப் படிகிறது. துளை கொஞ்சம் அடைத்தாலே போதும்: ஐடிலிங் தடுமாறும், மைலேஜ் இறங்கும்.

இந்தப் படிவை அகற்றும் மருந்து உண்மையில் உண்டு. பாலிஈதர் அமீன், சுருக்கமாகப் பி.ஈ.ஏ., கரிப்படிவைப் பிடித்து இழுத்துப் பெட்ரோலோடு சேர்த்து எரியவிடும். அமெரிக்காவில் 1995 முதல் பெட்ரோலில் சுத்திகரிப்புப் பொருள் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். ஆகவே எல்லாமே ஏமாற்று என்று ஒதுக்க முடியாது.

ஆனால் ஐடிலிங் தடுமாற்றத்துக்குப் பல நேரம் காரணம், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் சேரும் அழுக்கு. பெரும்பாலான பைக்குகளில் இன்ஜெக்டர் த்ராட்டில் தகட்டைத் தாண்டித்தான் இருக்கிறது. தகட்டின் மேல் காற்று மட்டுமே போகிறது; டேங்கில் ஊற்றியது அங்கே எட்டவே எட்டாது. கழற்றித்தான் துடைக்க வேண்டும். அடைத்த ஏர் ஃபில்டரையும் தேய்ந்த ஸ்பார்க் பிளக்கையும் எந்தப் பாட்டிலும் சரிசெய்யாது.

ஆக்டேன் பூஸ்டர் இன்னொரு வீண் செலவு. சாதாரண பெட்ரோலுக்கென்றே வடிவமைத்த 100, 125 சிசி எஞ்சினுக்கு அதனால் கூடுதல் சக்தி கிடைக்காது. சில பூஸ்டர்களில் மாங்கனீசு அல்லது இரும்புச் சேர்மங்கள் இருக்கும். அவை ஸ்பார்க் பிளக்கிலும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலும் படியும். அந்தக் காலத்தில் ஆக்டேன் கூட்டப் பெட்ரோலில் கலந்த ஈயம் கன்வெர்ட்டரையே செயலிழக்கச் செய்யும். இந்தியாவில் அது 2000-ல் நிறுத்தப்பட்டது.

டேங்கில் சேரும் தண்ணீருக்கும் பாட்டில் தீர்வாகாது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை எளிதில் உறிஞ்சும். தண்ணீர் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து, டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அங்கிருந்துதான். மழையில் தண்ணீர் புகுந்த டேங்கை வடித்துவிடுவதே ஒரே வழி.

பி.ஈ.ஏ. என்று லேபிளில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். கார் டேங்குக்கான பாட்டில் முழுவதையும் பத்து லிட்டர் டேங்கில் கொட்டாமல், லிட்டருக்குச் சொன்ன அளவை அளந்து ஊற்றுங்கள். அதன் ஒரு பங்கு ஆயிலிலும் இறங்கும் என்பதால், ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன்பு ஊற்றுவது நல்லது. ஒழுங்காக ஓடும் வண்டிக்கு அதுவும் தேவையில்லை.