சைக்கிளைத் திருப்பிக் கொடு!

1974 ஜூலை 7. மியூனிக் ஒலிம்பிக் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நெதர்லாந்து வீரர்கள் தங்களுக்குள்ளேயே பந்தைத் தட்டித் தட்டிக் கடத்துகிறார்கள். யோஹான் கிரைஃப் திடீரென வேகமெடுத்துப் பெனால்டி எல்லைக்குள் பாய, உலி ஹெனஸ் அவரை இடறிவிடுகிறார். பெனால்டி! நீஸ்கென்ஸ் ஓங்கி அடிக்க, கோல். மேற்கு ஜெர்மனி வீரர் ஒருவரும் அதுவரை பந்தைத் தொடவே இல்லை.

அந்தத் தொடக்கமே வினையானது. இரண்டாவது கோலைத் தேடுவதை விட்டு, எதிரணியை அலைக்கழித்து வேடிக்கை பார்த்தார்கள் நெதர்லாந்துக்காரர்கள். மேற்கு ஜெர்மனியின் பிரைட்னர் பெனால்டியில் கணக்கைச் சமன் செய்தார். இடைவேளைக்குச் சற்று முன் கெர்ட் முல்லர் இன்னொன்றைப் போட்டார். 2-1. அழகாக ஆடிய அணி தோற்றது; கோப்பை மேற்கு ஜெர்மனிக்குப் போனது.

விளையாட்டில் இதெல்லாம் சகஜம்தான். ஆனால் தோற்றது யாரிடம் என்பதுதான் நெதர்லாந்துக்குப் பொறுக்கவில்லை. 1940 மே மாதம் ராட்டர்டாம் நகரின் மையப்பகுதியைக் குண்டுவீசித் தரைமட்டமாக்கி, ஐந்தே நாளில் அந்நாட்டைப் பணியவைத்தது ஹிட்லரின் படை. ஆக்கிரமிப்பு ஐந்தாண்டு நீடித்தது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் மக்கள் துலிப் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் மாண்டார்கள். மியூனிக்கில் நெதர்லாந்துக்கு ஆடிய வான் ஹானெகம், தந்தையையும் உடன்பிறந்தவர்களையும் போரில் பறிகொடுத்தவர்.

இத்தனைக்கும் நடுவே ஊர் மறக்காத இன்னொரு சமாச்சாரம் சைக்கிள். வீட்டுக்கு வீடு சைக்கிள் ஓடும் நாட்டில் ஜெர்மன் படையினர் அவற்றைப் பறித்துக்கொண்டு போனார்கள். அதனால்தான் பிற்காலத்தில் ஜெர்மனியுடன் ஆட்டம் என்றாலே, 'எங்கள் சைக்கிளைத் திருப்பிக் கொடு' என்று நெதர்லாந்து ரசிகர்கள் கோஷம் போட்டார்கள். போரைப் பார்த்தே இராத இளவட்டங்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள்.

கணக்குத் தீர்க்க 14 ஆண்டுகள் ஆயின. 1988 யூரோ கோப்பை அரையிறுதி, ஹாம்பர்க்; எதிரே மேற்கு ஜெர்மனி. இரு தரப்பும் ஆளுக்கொரு பெனால்டி கோல் போட்டிருக்க, ஆட்டம் முடியும் தறுவாயில் நெதர்லாந்தின் வான் பாஸ்டன் சறுக்கிக்கொண்டே பந்தை மூலைக்குள் தள்ளினார். ஆட்டம் முடிந்ததும் எதிரணி வீரரிடம் வாங்கிய சட்டையால் பின்புறத்தைத் துடைப்பதுபோல் சைகை காட்டினார் ரொனால்ட் கூமன். நான்கு நாள் கழித்துச் சோவியத் யூனியனை வென்று நெதர்லாந்து கோப்பையை ஏந்தியது. இடம், 1974-இல் தோற்ற அதே மியூனிக் மைதானம். பயிற்சியாளரும் 1974-இல் இருந்த அதே ரினுஸ் மிஷெல்ஸ்.

உச்சகட்டம் 1990 உலகக் கோப்பையில், மிலான் நகரில். மேற்கு ஜெர்மனியின் மத்தேயஸ், பிரேமே, கிளின்ஸ்மன் மூவரும் இன்டர் மிலானில் ஆடியவர்கள். நெதர்லாந்தின் ஹுலிட், ரைக்கார்ட், வான் பாஸ்டன் ஏசி மிலானில். இரு கிளப்புகளுக்கும் மைதானம் ஒன்றே என்பதால், உள்ளூர்ச் சண்டையும் சேர்ந்துகொண்டது. மேற்கு ஜெர்மனியின் ரூடி ஃபெல்லரை இடறி மஞ்சள் அட்டை வாங்கிய ரைக்கார்ட், போகிற போக்கில் அவர் தலைமுடியில் துப்பினார். நடுவரிடம் முறையிட்ட ஃபெல்லருக்கும் மஞ்சள் அட்டை! சற்று நேரத்தில் மறுபடி மல்லுக்கட்ட, இருவருக்குமே சிவப்பு அட்டை. வெளியேறும்போது ரைக்கார்ட் இன்னொரு முறை துப்பினார். மேற்கு ஜெர்மனி 2-1 என வென்றது, கோப்பையையும் வென்றது.

பிறகு ரைக்கார்ட் மன்னிப்புக் கேட்டார். சில ஆண்டுகள் கழித்து இருவரும் குளியல் அங்கி சகிதம் ஒரு நெதர்லாந்து வெண்ணெய் விளம்பரத்தில் சேர்ந்து நடித்தார்கள். தலைமுறை மாற மாற, பகையின் காரமும் குறைந்தது. நெதர்லாந்தின் லூயி வான் ஹால் பேயர்ன் மியூனிக்கின் பயிற்சியாளரானார். அவர் காலத்தில் அங்கே சேர்ந்த ஆர்யன் ராபன், 2013 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் 89-வது நிமிடத்தில் வெற்றி கோல் அடித்தபோது, ஒரு நெதர்லாந்துக்காரரின் பெயரைச் சொல்லி மியூனிக் ரசிகர்கள் ஆடித் தீர்த்தார்கள்.