பந்தயத்தில் பறிபோகும் படச் சீட்டு! சின்ன காஞ்சிபுரத்துப் பையன்கள் சிக்குவது எப்படி?

சின்ன காஞ்சிபுரம்:–

காஞ்சிபுரம் பட்டுக்குப் பேர் போன ஊர். கோவிலுக்கும் பேர் போன ஊர். அட்டைக்கும் பேர் போன ஊர் என்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் அதுவும் உண்மைதான்.

பட்டுத்தறிக்கு மேலே ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கும். அதே வீட்டுப் பையனின் டவுசர் பைக்குள் வேறு அட்டை இருக்கும். ஒரு காலத்தில் அது சிகரெட் அட்டை. பிறகு கிரிக்கெட் சீட்டு. அப்புறம் மல்யுத்த வீரர் படம். இப்போது போக்கிமான்.

தலைக்கு மேலே உள்ள அட்டை குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. பைக்குள் இருக்கும் அட்டை என்ன செய்கிறது? சில பையன்களுக்குக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுக்கிறது. சில பையன்களின் கைக்காசைக் கரைக்கிறது.

பெற்றவர்கள் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டிய விஷயம் இது.

தறி அட்டை

ஜக்கார்டு என்பது ஆள் பெயர். பிரான்ஸ் நாட்டில் லியான் என்ற பட்டு நெசவு நகரத்துக்காரர். 1804ல் அவர் கொண்டு வந்த யுக்திதான் இன்றும் காஞ்சிபுரம் தறிகளில் இருக்கிறது.

அட்டையில் ஓட்டை இருந்தால் அந்த இழை மேலே எழும்பும். ஓட்டை இல்லாவிட்டால் எழும்பாது. ஊடை இழை ஒரு தடவை ஓட ஒரு அட்டை. சேலையில் ஒரு மயிலோ யாளியோ வர வேண்டுமானால் அட்டைகள் கட்டுக் கட்டாக வேண்டும். வரிசையில் ஒன்று இடம் மாறினாலும் போச்சு, மயிலின் கழுத்து கோணிக் கொள்ளும்.

எந்த அட்டை எங்கே, எது இல்லை, எது இரண்டு இருக்கிறது என்று பார்ப்பது இந்த ஊரில் தொழில். பையன்களுக்கு அதுவே விளையாட்டு.

சிகரெட் அட்டை

1979ல் வரதராஜப் பெருமாள் கோவிலில் அத்திவரதர் எழுந்தருளினார். அந்தக் காலத்தில் சிறுவர்களாக இருந்தவர்களைக் கேட்டால் சிகரெட் அட்டை ஆட்டத்தை இன்றும் சொல்வார்கள். தமிழ்நாடு பூராவும் நடந்த ஆட்டம் இது.

பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, சினிமாக் கொட்டகை வாசல் என்று காலி சிகரெட் பெட்டிகளைப் பொறுக்குவார்கள். முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் கிழித்தால் இரண்டு அட்டை. தரையில் வட்டம் போட்டு அவரவர் பங்கை நடுவே அடுக்குவார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று தட்டைக் கல்லை வீச வேண்டும். வட்டத்துக்கு வெளியே பறந்த அட்டை வீசியவனுக்கு.

எல்லா அட்டைக்கும் ஒரே மதிப்பு கிடையாது. எல்லாரும் பிடிக்கிற சிகரெட்டின் அட்டைக்கு மவுசு கம்மி. விலை கூடிய சிகரெட், வெளியூர்க்காரன் வீசிப் போன பெட்டி, இவற்றுக்குத்தான் கிராக்கி.

"டேய், இது ஒண்ணு குடுத்தா அது பத்து தரணும்."

விலை போட யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கிடைக்காத பொருளுக்கு விலை கூடும் என்ற பாடத்தைப் பையன்கள் தெருவிலேயே படித்துக் கொண்டார்கள். அந்த அட்டை யாருக்கும் காசு போட்டு வாங்கியது அல்ல. தோற்றால் அழுகை வரும், கடன் வராது.

விளையாட நேரம் இல்லை

அந்த ஆட்டம் கூட எல்லாப் பையன்களுக்கும் கிடைக்கவில்லை.

காஞ்சிபுரம் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோர்த்து நெய்வதுதான் கோர்வை. அதற்கு நெசவாளி ஒருவர் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். பல வீடுகளில் அது பிள்ளையின் கையாக இருந்தது.

முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளைகளை ஈடாக வைத்த கொடுமையும் நடந்தது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு 2003ல் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் வந்தது.

1986ல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. 2016ல் அதைத் திருத்தினார்கள். 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளிக்கூட நேரம் போக உதவலாம் என்று விலக்கு வைத்திருக்கிறார்கள்.

தறியில் கட்டிப் போட்ட பையனுக்குத் தனக்கென்று இருந்த சொத்து ஒரு கோலிக் குண்டும் ஒரு கட்டு அட்டையும்தான். "பொழப்பைக் கெடுக்கிற அட்டை" என்று அதைப் பிடுங்கி அடுப்பில் போடுவதற்கு முன்னால் பெரியவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

பபிள்கம்மும் கிரிக்கெட்டும்

1987ல் உலகக் கோப்பை கிரிக்கெட் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நடந்தது. அக்டோபர் 9ந் தேதி சென்னை சேப்பாக்கத்தில் இந்தியாவை ஆஸ்திரேலியா ஒரே ஒரு ரன்னில் தோற்கடித்தது. ஊரே வயிறு எரிந்த நாள் அது.

அந்தக் காலத்துப் பையன்களை பிக் ஃபன் பபிள்கம் பிடித்துக் கொண்டது. உள்ளே கிரிக்கெட் வீரர் படம் இருக்கும். ரன்னும் விக்கெட்டும் போட்டிருக்கும். சேர்த்தால் பரிசு. பபிள்கம்மை மென்று துப்பி விடலாம், படத்தை விட முடியாது. காசு கொடுத்துப் படம் சேர்க்கும் பழக்கம் இப்படித்தான் தெருவுக்குள் வந்தது.

அடுத்து 1990களில் டிரம்ப் கார்டு. ஹல்க் ஹோகன், அண்டர்டேக்கர், யோகோசூனா என்று அமெரிக்க மல்யுத்த வீரர்கள். ஒவ்வொரு சீட்டிலும் உயரம், எடை, மார்பளவு, எத்தனை சண்டை, எத்தனை ஜெயம் என்று எண்கள். "எடை!" என்று ஒருவன் சொன்னால் எல்லாரும் சீட்டைக் காட்ட வேண்டும். பெரிய எண் வைத்திருப்பவன் மற்றவன் சீட்டை அள்ளிக் கொள்வான்.

வாத்தியார் பிரம்பைக் காட்டியும் ஏறாத இங்கிலீஷ் எழுத்து இந்தச் சீட்டில் ஏறியது. எது பெரிய எண், எதைக் கேட்டால் ஜெயிக்கலாம் என்ற மனக்கணக்கும் ஏறியது. 2000க்குப் பிறகு சிப்ஸ் பாக்கெட்டுக்குள் போக்கிமான் வட்டத் தகடு வந்து சேர்ந்தது.

மூடிய பாக்கெட்

அமெரிக்காவில் கணிதம் படித்த ரிச்சர்டு கார்பீல்டு என்பவர் 1993ல் "மேஜிக்" என்ற சீட்டாட்டத்தை உருவாக்கினார். நம்ம ஊர் சீட்டுக்கட்டில் 52 சீட்டு. எல்லாருக்கும் ஒரே கட்டு. இதில் அப்படி இல்லை. அவரவர் சீட்டுகளைச் சேர்த்து அவரவர் கட்டைத் தயார் செய்து கொண்டு மோத வேண்டும். 1996ல் ஜப்பானில் போக்கிமான் சீட்டும் இதே வழியில் வந்தது.

சீட்டு மூடிய பாக்கெட்டில் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. சில சீட்டைக் கம்பெனியே வேண்டுமென்று குறைவாக அச்சடிக்கும். தூண்டில் முள் இதுதான்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வரிசையில் 20 படம் என்று வைத்துக் கொள்வோம். பாக்கெட்டுக்கு ஒரு படம். எல்லாப் படமும் சம அளவில் அச்சாகிறது. 20 படமும் சேர எத்தனை பாக்கெட் வாங்க வேண்டும்? 25, 30 என்று பையன் நினைப்பான். சராசரியாக 72 பாக்கெட் ஆகும்!

கடைசி ஒரு படத்துக்கு மட்டுமே சராசரி 20 பாக்கெட். பாக்கெட் 5 ரூபாய் என்றால் மொத்தம் 360 ரூபாய். அரிய படத்தைக் குறைத்து அச்சடித்தால் செலவு இன்னும் எகிறும்.

இதில் தப்பிக்க ஒரே வழி மாற்றிக் கொள்வது. "எங்கிட்ட ரெண்டு இருக்கு, உங்கிட்ட எது இருக்கு?" என்று பத்துப் பையன்கள் கூடினால் செலவு வெகுவாகக் குறையும். தனியாகச் சேர்க்கிறவன் கடைக்காரருக்குச் சேர்க்கிறான். கூட்டாளியோடு சேர்க்கிறவன் தனக்குச் சேர்க்கிறான்.

பந்தயம் வைத்த கம்பெனி

"மேஜிக்" ஆட்டத்தின் முதல் விதிகளில் ஒன்றைக் கேட்டால் சிகரெட் அட்டை ஆடியவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆட்டம் தொடங்கும் முன் இருவரும் ஆளுக்கு ஒரு சீட்டைப் பந்தயமாக வைக்க வேண்டும். ஜெயித்தவன் இரண்டையும் எடுத்துக் கொள்வான்.

காசு போட்டு வாங்கிய சீட்டு பறிபோவதை ஆட்டக்காரர்கள் விரும்பவில்லை. சூதாட்டம் என்ற பேச்சும் எழுந்தது. அந்த விதி கைவிடப்பட்டது. 1999ல் அமெரிக்காவில் பல பள்ளிக்கூடங்கள் போக்கிமான் சீட்டுக்கே தடை போட்டன. சண்டை, திருட்டு, ஏமாற்று என்று புகார்.

ஒரு சீட்டு ரூ.40 கோடி!

போக்கிமான் வரிசையில் பிக்காச்சு படம் போட்ட ஒரு சீட்டு உண்டு. ஜப்பானில் 1997, 1998ல் நடந்த ஓவியப் போட்டிகளில் பரிசாகக் கொடுத்தது. அதில் ஒன்றை லோகன் பால் என்ற அமெரிக்கர் 52 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். 2022ல் கின்னஸ் சாதனை என்று அறிவித்தார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 40 கோடி ரூபாய்.

இந்தச் செய்தியைப் படித்து விட்டு, "அப்பா, இது வித்தா கோடி வரும்" என்று பையன் கேட்டால் நம்பி விடக் கூடாது. அந்தச் சீட்டு உலகத்தில் சில டஜன்தான். கடைத்தெருவில் விற்பது கோடிக் கணக்கில் அச்சாவது.

தங்க நிறத்தில் பளபளக்கும் போக்கிமான் சீட்டு கட்டுக் கட்டாகக் கடைகளில் விற்கிறது. பெரும்பாலும் போலி. காஞ்சிபுரத்தாருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரிய வேண்டும், செம்பு தெரிந்தால் போலி. சீட்டிலும் அதே மாதிரிதான். எழுத்துப் பிழை இருக்கும், பின்புறம் நிறம் வெளுத்திருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். மினுக்கைப் பார்த்து ஏமாறக் கூடாது.

போனுக்குள் சீட்டு

2019ல் அத்திவரதர் மறுபடி எழுந்தருளினார். ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள் தரிசனம். அதற்குள் சீட்டு, போனுக்குள் போய் விட்டது.

தெருவில் காசு வைத்துச் சீட்டாடினால் போலீஸ் பிடிக்கும். அதற்கு 1930ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் ரம்மி, திறமைக்குரிய ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1967ல் சொன்னது. ஆன்லைன் ரம்மி கம்பெனிகள் அதைத்தான் பிடித்துக் கொண்டன. ஆட்டத்தில் யார் ஜெயித்தாலும் கம்பெனிக்குக் கமிஷன் கிடைத்தது.

பணத்தை இழந்து தமிழ்நாட்டில் பலர் தற்கொலை செய்து கொண்டார்கள். 2022ல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. அந்த ஆண்டே தடைச் சட்டம் கொண்டு வந்தார்கள். கவர்னர் திருப்பி அனுப்பினார். சட்டசபை மறுபடி நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்தது செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடு முழுவதும் தடை போடும் சட்டத்தை நிறைவேற்றியது.

படச் சீட்டு சேர்த்த பையன் எல்லாம் ரம்மிக்குப் போவான் என்று சொன்னால் அது அபாண்டம். ஆனால் "அடுத்த பாக்கெட்டில் வரும்" என்பதும் "அடுத்த ஆட்டத்தில் வரும்" என்பதும் ஒரே ஆசைதான்.

பெருமாள் சீட்டு

சீட்டு என்றாலே சூது என்றும் முடிவு கட்டி விடக் கூடாது. கஞ்சிபா என்ற வட்டச் சீட்டு இந்தியாவில் மொகலாயர் காலம் முதல் இருக்கிறது. அதில் ஒரு வகை தசாவதாரச் சீட்டு. ஒரு அவதாரத்துக்கு 12 வீதம் மொத்தம் 120 சீட்டு. மச்சத்துக்கு மீன், கூர்மத்துக்கு ஆமை, பரசுராமருக்குக் கோடரி. பகலில் ஆடினால் ராமர் சீட்டு வைத்திருப்பவர் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். இரவில் கிருஷ்ணர்.

மராட்டிய மாநிலம் சாவந்த்வாடியில் இந்தச் சீட்டு வரையும் கலை அழியும் நிலைக்கு வந்தது. வேலை தெரிந்த முதியவர் புண்டலிக் சிதாரி. அந்த ஊர் ராஜா சிவ்ராம் சாவந்த் போன்ஸ்லேயும் ராணி சத்வசீலா தேவியும் அவரிடம் உட்கார்ந்து தாங்களே கற்றுக் கொண்டார்கள். 1971ல் அரண்மனையிலேயே பட்டறை தொடங்கினார்கள். கலை பிழைத்தது. மூடிய பாக்கெட் இல்லை, பந்தயம் இல்லை, ஆசைப்பட்டுச் சேர்த்ததால் பிழைத்தது.

பெற்றோர் செய்ய வேண்டியது

சீட்டைப் பிடுங்க வேண்டாம். மூன்று கேள்வி கேட்டால் போதும்.

திருப்பிக் கொடுக்கிற ஆட்டமா, வைத்து ஆடுகிற ஆட்டமா?

இந்த வாரம் எத்தனை பாக்கெட் வாங்கினாய், காசு ஏது?

சீட்டு கையில் இருக்கிறதா, போனில் இருக்கிறதா?

முதல் இரண்டுக்குப் பையன் நேராகப் பதில் சொன்னால் கவலைப்பட வேண்டாம். மூன்றாவதுக்குப் பதில் போன் என்றால் அன்றைக்கே போனை வாங்கிப் பார்க்க வேண்டும். அப்பாவின் பாங்கிக் கணக்கு அந்தப் போனில்தான் இருக்கிறது.