முதல் ட்ரோனுக்கு பழைய எஃப்4 போர்டு போதுமா?

முதல் ட்ரோன் கட்டப் போறவங்க என்கிட்ட அதிகமா கேட்கிறது இதுதான்: ஃப்ளைட் கன்ட்ரோலர் எஃப்4 போதுமா, எஃப்7 வாங்கணுமா? எஃப்4 போதும். இந்தப் பெயர் போர்டுல இருக்கிற எஸ்டிஎம்32 சிப்போட வரிசையைக் குறிக்குது. எஃப்4-ல பரவலா வர்ற 405 சிப் 168 மெகாஹெர்ட்ஸ்ல ஓடும். ஜைரோவைப் படிச்சு, நாலு மோட்டாருக்கும் எவ்வளவு வேகம்னு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை கணக்குப் போட அது தாராளம். முதல் மாசம் எப்படியும் மரத்துலதான் மோதப் போறீங்க, விலை குறைஞ்ச போர்டே இருக்கட்டும்.

அதுக்காக இன்னும் மலிவா எஃப்3 கிடைக்குதுன்னு போகாதீங்க. அதுல ஃபிளாஷ் 256 கிலோபைட்தான். பீட்டாஃபிளைட் 4.1-லிருந்து எஃப்3-ஐக் கைவிட்டுட்டாங்க. பறக்கும், ஆனா 4.0-லயே நின்னுடுவீங்க. சந்தேகம் கேட்டா, பதில் சொல்றவர் காட்டுற செட்டிங் உங்க திரையில இருக்காது. கத்துக்க வர்றவங்களுக்கு அது பெரிய நஷ்டம்.

எஃப்4-லயும் ஒரு சிக்கல் உண்டு. எஸ்பஸ் வகை ரிசீவர் சிக்னலைத் தலைகீழா அனுப்பும். எஃப்3, எஃப்7 சிப்புங்க அதைத் தானே திருப்பிக்கும், எஃப்4-ஆல முடியாது. அதனால இன்வெர்ட்டர் வச்ச பேடு ஒண்ணு தனியா இருக்கும், பெரும்பாலும் 'எஸ்பஸ்'னே எழுதியிருக்கும். வேற பேடுல சால்டர் பண்ணிட்டா, ரிமோட் ஸ்டிக்கை எவ்வளவு ஆட்டினாலும் கணினியில ஒண்ணும் அசையாது. போர்டு செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, முதல்ல வயரைப் பாருங்க. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ரிசீவர் வாங்கினா இந்தத் தொல்லையே இல்ல.