மூச்சு முட்டுகிறதா, மிஞ்சுகிறதா?

ஆங்கில நாவல்களில் பீதியில் சிக்கும் பாத்திரம் ஏன் தவறாமல் ‘ஐ காண்ட் ப்ரீத்’ என்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டியதுதான், ஏனெனில் பலருக்கு அந்த நேரத்தில் நடப்பது அதற்கு நேர் எதிர். வேகவேகமாக மூச்சு வாங்குகிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்திருப்பதால் கூடுதலாக ஏற இடமில்லை. இறங்குவது கரியமில வாயு. அது இறங்கியதும் ரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாய்கிறது. அல்புமின் என்ற ரத்தப் புரதத்தை டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் அயனிகள் இறங்கிப்போக, காலியான சீட்டில் துண்டு போட்டுக் கால்சியம் உட்கார்ந்துவிடுகிறது. ரத்தத்தில் மொத்தக் கால்சியம் குறையவில்லை, ஆனால் நரம்பின் வாசலில் காவல் நிற்க வேண்டியதில் ஒரு பங்கு பஸ்ஸில் சொகுசாக இருக்கிறது. காவல் தளர்ந்த நரம்பு யாரும் தட்டாமலே கதவைத் திறக்கிறது. விரல்நுனியிலும் உதட்டைச் சுற்றியும் சுருசுருவென்று ஊசி குத்துவது இதனால்தான். (கண்டக்டர் யார் என்று கேட்காதீர்கள்.) கூடவே மூளையின் ரத்தக் குழாய்களும் சுருங்கும். கரியமில வாயுவின் அழுத்தம் 1 மி.மீ. பாதரசம் இறங்கினால் மூளைக்கான ரத்த ஓட்டம் சுமார் 3 சதவீதம் குறையும். வழக்கமான அளவு 40. அது 30க்கு வந்தாலே தலை சுற்றும், எதிரே நடப்பதெல்லாம் கண்ணாடிக்கு அப்பால் நடப்பதுபோல் தோன்றும்.

வரலாறு வேண்டுவோருக்கு: ‘பானிக்’ என்ற சொல் பான் என்ற கிரேக்கக் கடவுளின் பெயரிலிருந்து வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களிடம் கண்ட படபடப்பை மருத்துவர் டா கோஸ்டா 1871இல் ‘இரிட்டபிள் ஹார்ட்’ என்று எழுதினார். அந்தப் பெயரின் நிழலோ என்னவோ, ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இன்னும் இதயத்தையே பிடித்துத் தொங்குகிறார்கள். மாடிப்படி ஏறினாலும் காதல் வந்தாலும் அதே இதயம்தான் அடித்துக்கொள்கிறது. பீதிக்கென்று அது தனியாக எதையும் சொல்வதில்லை. ‘மை லிப்ஸ் வென்ட் நம்’ என்ற நான்கு சொற்கள் சொல்லும்.

உணர்வைத்தானே எழுதுகிறோம், உடலியல் எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான். மூளையின் மூச்சுத்திணறல் அபாயமணி பொய்யாக அடிப்பதே பீதி என்று மனநல மருத்துவர் டொனால்டு க்ளைன் 1993இல் வாதிட்டார். கரியமில வாயு மிகுந்த காற்றைச் சுவாசித்தால் பீதி நோய் உள்ளவர்கள் பலருக்கு அது வந்தும்விடுகிறது. ஆகவே பாத்திரம் தன் வாயால் ‘மூச்சுவிட முடியவில்லை’ என்றால் அது பொய்யல்ல, மணி அடித்ததைச் சொல்கிறது. மேற்கோள்குறிக்கு வெளியே கதைசொல்லியும் காற்று தீர்ந்துவிட்டதாக எழுதும்போதுதான் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, திரைப்படங்கள் பரப்பிய காகிதப் பை வைத்தியம். வந்திருப்பது ஆஸ்துமாவோ மாரடைப்போ என்றால், பைக்குள் விடும் மூச்சு அங்கே உண்மையிலேயே தட்டுப்பாடாக இருக்கும் ஆக்சிஜனை இன்னும் குறைக்கும்.