விண்ணொளியை வீணாக்கலாமா?

 

மழை ஓய்ந்த தை மாத இரவொன்றில் தோட்டத்துத் திடலில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று விண்மீன்கள் தோன்றும். அவை ஓரியன் கூட்டத்தின் இடைக்கச்சை ஆகும். அதனருகே புகைபோல் மங்கித் தெரிவது ஓரியன் நெபுலா என்னும் ஒளிமுகில். இன்று நம் கண்ணை வந்தடையும் அதன் ஒளி, ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்னர் அங்கிருந்து புறப்பட்டதாகும். இத்துணைத் தொலைவு கடந்து வந்த ஒளியைப் படம் பிடிக்கும்போது, அதன் ஒரு பகுதியை நாமே கணப்பொழுதில் எறிந்துவிடுவதுண்டு. தவறான கோப்பு வகையைத் தேர்ந்தெடுப்பதே அதற்குக் காரணம்.

ஒளிப்படக் கருவி படத்தை இரு வகையாகச் சேமிக்கும். ஒன்று 'ஜேபெக்', மற்றொன்று 'ரா' எனப்படும் பண்படாக் கோப்பு. இவற்றின் வேறுபாட்டை நம் தோட்டத் தொழிலைக் கொண்டே அறியலாம். மங்கில் வடிந்த பாலைக் கெடாமல் கொண்டு சென்றால், ஆலையில் கையுறையும் செய்யலாம். தாள் ரப்பரும் ஆக்கலாம். கட்டிப்பாலாக உறைந்துவிட்டாலோ மீண்டும் பாலாக்க இயலாது. 'ரா' மங்குப் பால். 'ஜேபெக்' உறைந்த பால்.

'ஜேபெக்' ஒவ்வொரு வண்ணத்தின் ஒளியையும் 256 படிகளாக மட்டுமே பிரிக்கும். இடத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு, நுண்ணிய வேறுபாடுகளையும் நீக்கிவிடும். 'ரா' கோப்போ, கருவிக்கேற்ப 4,096 அல்லது 16,384 படிகளைக் காக்கும். பகற்காட்சிக்கு 256 படிகள் போதும். ஒளிமுகிலின் மங்கிய ஓரங்களோ இருளை ஒட்டிய சில படிகளுக்குள் அடங்கியவை. அப்படிகள் ஒன்றாகிவிட்டால் ஓரங்களும் மறைந்துபோம்.

விண்மீன்கள் நகர்வதால், முக்காலியில் நிறுத்திய கருவியால் நெடுநேரம் ஒரே படமாக எடுத்தல் இயலாது. ஆகவே, சில விநாடிப் படங்களாகப் பல எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்பர். மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் படத்திற்குப் படம் மாறுபடும், விண்ணொளி மாறாது. எனவே 16 படங்களை அடுக்கினால் அப்புள்ளிகள் நான்கில் ஒரு பங்காகவும், 100 படங்களை அடுக்கினால் பத்தில் ஒரு பங்காகவும் குறையும். எனினும், ஒவ்வொரு படமும் முன்னரே நீக்கிவிட்டதை அடுக்குதல் மீட்டுத் தராது.

வில்லையை மூடி எடுக்கும் இருட்படங்களையும் அதே 'ரா' வகையிலேயே எடுத்தல் வேண்டும். அப்பொழுதுதான் கருவியின் குறைகளைச் சரியாகக் கழிக்கலாம். அடுக்கிய படத்தை 'டிஃப்' அல்லது 'ஃபிட்ஸ்' வகையில் சேமித்தல் நலம். 1981ஆம் ஆண்டில் வானியலாளர் வெளியிட்ட 'ஃபிட்ஸ்', படத்துடன் அதை எடுத்த நேரம், கருவி முதலிய குறிப்புகளையும் தாங்கி நிற்கும்.

அவ்வாறாயின் 'ஜேபெக்' பயனற்றதா? அன்று. நிலவைப் போன்ற ஒளிமிக்க பொருளுக்கு அது பெரும்பாலும் போதும். முடிந்த படத்தை உறவினருக்கு அனுப்பவும் அதுவே ஏற்றது. 'ரா' கோப்புகள் மிகுந்த இடம் கொள்ளுமாதலின், முன்னதாகவே சேமிப்பு அட்டையில் இடம் ஒதுக்கிக்கொள்க. இன்றைய கைப்பேசிகள் பலவற்றிலும் 'ரா' வசதி உண்டு.

மேகம் மிகுந்த நம் நாட்டில் தெளிந்த இரவு அரிதாகவே வாய்க்கும். அவ்விரவில் வெளியே செல்லுமுன் கருவியின் கோப்பு வகையை ஒருமுறை சரிபாருங்கள். அடுக்குதலை மறுநாளும் செய்யலாம். தவறவிட்ட ஒளியை மறுநாள் பெற இயலாது.