இறுகிய ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுதல்

இறுகிய ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுதல் என்பது, பெட்ரோல் இயந்திரத்தின் சிலிண்டர் ஹெட்டில் அரிப்பினாலோ கரியினாலோ அசையாது பிடித்துக்கொண்ட ஸ்பார்க் பிளக்கை, ஹெட்டின் மரைக்குச் சேதம் நேராமல் வெளியே எடுக்கும் பழுதுபார்ப்புப் பணி ஆகும். ஸ்பார்க் பிளக்கைத் தமிழில் தீப்பொறிச் செருகி எனவும் அழைப்பர். பிளக் விலை குறைந்தது; தேய்ந்ததும் மாற்றப்படுவது. ஹெட் விலை உயர்ந்தது. அதன் மரை கெட்டால் இயந்திரத்தின் மேற்பகுதியையே பிரிக்க நேரிடலாம். எனவே இப்பணியின் நோக்கம் பிளக்கைக் காப்பது அன்று, மரையைக் காப்பதே ஆகும்.

இறுகுவதற்கான காரணங்கள்

பிளக்கின் உடல் எஃகினால் ஆனது. இன்றைய கார்களின் ஹெட் பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனது. இவ்விரு உலோகங்களுக்கும் இடையே ஈரம் புகுந்தால் மின்வேதி அரிப்பு ஏற்படுகின்றது. அதில் அலுமினியமே அரிக்கப்படும். அதனால் உண்டாகும் ஆக்சைடு மரையின் இடைவெளிகளை அடைத்து, இரு உறுப்புகளையும் பிணைக்கின்றது. இதனைத் தவிர்க்கவே பிளக்கின் மரை மீது நிக்கல் அல்லது துத்தநாகப் பூச்சு இடப்படுகின்றது.

இரண்டாவது காரணம் கரி. எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரையின் மீது கரி படிந்தால், கழற்றும்போது அது ஹெட்டின் மென்மையான மரையைச் சுரண்டும். மூன்றாவது காரணம், பொருத்தியபோது அளவுக்கு மீறி முறுக்கியது ஆகும்.

பிளாட்டினம், இரிடியம் முனை கொண்ட பிளக்குகள் 1,00,000 கிலோமீட்டர் வரையிலும் அதற்கு மேலும் உழைக்கக்கூடியவை. அத்தனை காலம் கழற்றப்படாமல் இருப்பதும் அவை இறுகுவதற்கு வாய்ப்பளிக்கின்றது.

கழற்றும் முறை

1. இயந்திரம் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினியம் மென்மையாக இருப்பதால் அதன் மரை எளிதில் உருவிக்கொள்ளும்.

2. இக்னிஷன் காயிலை அல்லது பிளக் வயரை அகற்றியபின், பிளக்கைச் சுற்றியுள்ள குழியை அழுத்தக் காற்றினால் ஊதித் தூய்மை செய்ய வேண்டும். இல்லையெனில் மணலும் தூசியும் சிலிண்டருக்குள் விழும்.

3. பிளக்கின் அறுகோணத்திற்குப் பொருந்தும் சாக்கெட்டை நேராக இருத்தி, இடஞ்சுழியாகச் சிறிதளவு மட்டும், அதாவது ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை திருப்ப வேண்டும். சாக்கெட் சாய்ந்தால் பீங்கான் உடையும்.

4. திருப்பம் கடினமாக இருந்தால் அங்கேயே நிறுத்தி, ஊடுருவும் எண்ணெயைக் குழியில் இட்டு ஊறவிட வேண்டும். எண்ணெய் நுண்புழை ஈர்ப்பினால் மரையின் இடைவெளிகளில் பரவுகின்றது. சில வேளைகளில் இதற்கு ஓர் இரவு கூடத் தேவைப்படும்.

5. பின்னர் பிளக்கைச் சிறிது முறுக்குவதும் சிறிது தளர்த்துவதுமாக மாறி மாறித் திருப்ப வேண்டும். இவ்வாறு செய்கையில் கரி சிறுசிறு துகள்களாக நொறுங்குகின்றது. ஒரே திசையில் வலிந்து திருப்பினால் அதே கரி மரைக்குள் ஆப்பு போலச் சிக்கும்.

பிளக் வெளியே வந்தபின், சிலிண்டருக்குள் இறங்கிய திரவத்தை வெளியேற்றுவது இன்றியமையாதது. திரவம் காற்றைப் போல அழுந்தாது. அது மிகுதியாகத் தேங்கியிருக்கையில் இயந்திரத்தை இயக்கினால், கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும்.

எடுத்துக்காட்டு: ஃபோர்டு டிரைட்டன்

இச்சிக்கலுக்குப் பெயர் பெற்றது அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்தின் 5.4 லிட்டர் டிரைட்டன் வி8 இயந்திரம் ஆகும். சிலிண்டருக்கு மூன்று வால்வுகள் கொண்ட இவ்வடிவம், 2004ஆம் ஆண்டு மாடல் எஃப்-150 வண்டியில் இடம்பெற்றது. இதன் பிளக்கில் மரைக்குக் கீழே மரையற்ற நீண்ட உறை ஒன்று இருந்தது. உறை தனியாகச் செய்யப்பட்டு உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. உறைக்கும் ஹெட்டுக்கும் இடையே கரி படிந்ததால், கழற்றும்போது பிளக் இரண்டாகப் பிரிந்து, உறை ஹெட்டுக்குள்ளேயே தங்கியது.

ஃபோர்டு வெளியிட்ட பணிக்குறிப்பு, பிளக்கைச் சற்றே தளர்த்தி, கார்பரேட்டர் கிளீனரை இட்டு, குறைந்தது 15 நிமிடம் ஊறவிட்டு, முன்னும் பின்னுமாகத் திருப்பும்படி கூறியது. உள்ளே தங்கிய உறையை எடுக்கத் தனிக் கருவியும் உருவாக்கப்பட்டது. பின்னர் ஹெட்டும் பிளக்கும் மாற்றி வடிவமைக்கப்பட்டன.

பிளக் உடைந்தால்

பொதுவாகப் பீங்கானும் அறுகோணப் பகுதியும் முறிந்து, மரைப்பகுதி மட்டும் உள்ளே நிற்கும். அப்போது எஞ்சிய பீங்கானை முதலில் நீக்கி, இடஞ்சுழியாகத் திருப்ப மரையைப் பற்றிக்கொள்ளும் எக்ஸ்ட்ராக்டர் என்னும் கருவியால் உலோகத்தைச் சுழற்றி எடுப்பர். பீங்கான் துண்டு சிலிண்டருக்குள் விழுந்தால் அதன் சுவரைக் கீறும். ஆகவே மெல்லிய குழாய் பொருத்திய உறிஞ்சியால் அதனை எடுத்தபின்னரே இயந்திரத்தை இயக்க வேண்டும்.

மரை கெட்டிருந்தால் துளையைப் பெரிதாக்கிப் புதிய மரை வெட்டி, ஹெலிகாயில் போன்ற எஃகுச் செருகலை இடுவர். இதுவும் இயலாவிடில் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

தடுக்கும் வழிகள்

புதிய பிளக்கை முதலில் கையால் மட்டுமே திருக வேண்டும். மரை தவறி ஏறினால் கை உடனே உணரும். இறுதி முறுக்கத்தை டார்க் ரெஞ்ச் கொண்டு அளப்பது நல்லது. அலுமினிய ஹெட்டில் அமரும் வாஷர் கொண்ட 14 மி.மீ. பிளக்கிற்கு இது பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் ஆகும். எனினும் அந்தந்த வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது.

இறுகாமல் இருக்க மரையில் பசை பூசுவது பழைய வழக்கம். ஆனால் பூச்சு இடப்பட்ட பிளக்குகளுக்கு அது தேவையில்லை என என்ஜிகே போன்ற தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். பசை உராய்வைக் குறைப்பதால், அதே அளவு முறுக்கத்திலும் பிளக் கூடுதலாக இறுகி, மரை நீண்டு கெடுவதற்கு வழியாகும். மேற்கூறிய டிரைட்டன் ஒரு விதிவிலக்கு. அதில் பசையை மரையில் அன்றி, கீழுள்ள உறையின் மீது மட்டும் பூசும்படி ஃபோர்டு அறிவுறுத்தியது.